குழாய்க்குள் காணாமல் போகும் அழுத்தம்: தண்ணீர், எண்ணெய், காற்று மூன்றுக்கும் கணக்குப் போடும் முறை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே என் சித்தப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. கிணறு ஒரு மூலையில், தண்ணீர்த் தொட்டி எதிர் மூலையில் மேட்டில். நடுவே 400 மீட்டர் பிவிசி குழாய், 63 மில்லிமீட்டர், அதாவது கடையில் '2 இன்ச்' என்று கேட்டு வாங்குவது. கிணற்றுக்குள் 5 எச்.பி. ஓபன்வெல் சப்மெர்சிபிள் மோட்டார். தண்ணீர் போதவில்லை என்று 7.5 எச்.பி. மோட்டாருக்கு மாறினார். மாற்றிய பிறகும் தொட்டி நிரம்புவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 'பிரஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது தொட்டி ஓரத்து வால்வை மூடிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜை மாட்டிக் காட்டினார்கள். முள் 3 கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) மேல் நின்றது. வால்வைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் பாய ஆரம்பித்ததும் முள் அப்படியே சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நடுங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'எங்க போச்சு?' என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வழிகாட்டி. குழாயில் அழுத்த இழப்பு என்பது ஓட்டம் இருக்கும்போது மட்டுமே இருக்கும். தண்ணீர் நின்றால் இழப்பு இல்லை. எவ்வளவு ஒல்லியான குழாயாக இருந்தாலும் மறுமுனையில் அழுத்தம் முழுசாக வந்து நிற்கும். அதனால் வால்வை மூடிவைத்துப் பார்க்கும் கேஜ் குழாயைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பாயும்போது பார்க்க வேண்டும், எவ்வளவு பாய்கிறது என்று அளந்துகொண்டு பார்க்க வேண்டும். இனி ஒவ்வொரு படியாகப் போகலாம். ஒரு கைபேசிக் கால்குலேட்டர் போதும்.

முதல் படி: ஓட்டத்தை அளப்பது

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'மோட்டார் இத்தனை லிட்டர் தள்ளும்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும். அந்த எண் ஒரு குறிப்பிட்ட ஹெட்டுக்கு (தூக்கும் உயரமும் குழாய் இழப்பும் சேர்ந்து மீட்டரில்) மட்டும் பொருந்துவது.

200 லிட்டர் டிரம் ஒன்றைத் தொட்டி ஓரத்தில் வைத்து, கைபேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுங்கள். பழைய 5 எச்.பி. மோட்டாரைத் திரும்ப இறக்கி அளந்ததில் டிரம் நிரம்ப 40 வினாடி ஆனது. 200 ÷ 40 = வினாடிக்கு 5 லிட்டர். அந்த 7.5 எச்.பி. மோட்டாரில் 34 வினாடி, அதாவது 5.9 லிட்டர். சக்தியை ஒன்றரை மடங்காக்கியும் கூடுதலாகக் கிடைத்தது 18 சதவீதத் தண்ணீர்தான்.

இனிமேல் வரும் கணக்குக்கு வினாடிக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டரில் சொன்னால் 0.005.

இரண்டாம் படி: உள் விட்டம்

பிவிசி குழாய்க்குச் சொல்லும் 63, 75, 90, 110 எல்லாம் வெளி விட்டம். தண்ணீர் ஓடுவது உள்ளே. சுவரின் கனம் குழாயின் அழுத்த வகையைப் பொறுத்து மாறும்: 4 கிலோ குழாய் மெல்லியது, 10 கிலோ குழாய் தடித்தது. வெட்டிய துண்டு ஒன்று கிடைத்தால் வெர்னியரால் உள்ளே அளந்துவிடுங்கள், அதுதான் நிச்சயம். நான் இங்கே 6 கிலோ வகைக்கு ஏறத்தாழ எடுத்துக்கொள்வது: 63-க்கு உள்ளே 59 மில்லிமீட்டர், 75-க்கு 70, 90-க்கு 84, 110-க்கு 103.

இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். உராய்வுக் காரணி (ஐந்தாம் படியில் வரும் எண்) அதேதான் என்று வைத்துக்கொண்டால், ஒரே அளவு தண்ணீருக்கு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் போகிறது. விட்டம் பாதியானால் இழப்பு 32 மடங்கு. விட்டத்தில் 10 சதவீதம் தவறினால் இழப்பில் 60 சதவீதத்துக்கு மேல்கூடத் தவறும். இந்தக் கணக்கில் வேறு எந்த அளவும் இவ்வளவு பழிவாங்காது.

மூன்றாம் படி: வேகம்

உள் பரப்பு = 0.785 × விட்டம் × விட்டம். விட்டத்தை மீட்டரில் போடுங்கள். 90 மில்லிமீட்டர் குழாய்க்கு 0.785 × 0.084 × 0.084 = 0.00554 சதுர மீட்டர். வேகம் = 0.005 ÷ 0.00554 = வினாடிக்கு 0.90 மீட்டர்.

மற்ற அளவுகளுக்கும் போட்டால் 63-இல் 1.83, 75-இல் 1.30, 110-இல் 0.60. நீளமான டெலிவரி குழாயில் 1 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் வேகம் இருந்தால் மனசு நிம்மதி. 1.5-ஐத் தாண்டினால் குழாயை மாற்றுவதா என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். சித்தப்பா தோப்பில் 1.83. இந்தப் படியிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

நான்காம் படி: ரெனால்ட்ஸ் எண்

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை மெல்லிய இழையாக விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. வேகத்தைக் கூட்டியதும் ஒரு கட்டத்தில் இழை சிதறி, குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. முதலாவது சீர் ஓட்டம், இரண்டாவது கலங்கல் ஓட்டம். இழப்பின் விதி இரண்டுக்கும் வேறு வேறு. அதனால் நம் குழாயில் எது நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ரெனால்ட்ஸ் எண் = வேகம் × விட்டம் ÷ இயக்கப் பிசுப்பு. (இயக்கப் பிசுப்பு என்பது பிசுப்பை அடர்த்தியால் வகுத்தது.)

நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்தால் இயக்கப் பிசுப்பு 0.0000008 சதுர மீட்டர்/வினாடி. அப்படியானால் 0.90 × 0.084 ÷ 0.0000008 = சுமார் 94,500. இந்த எண் 2,000-க்குக் கீழே இருந்தால் சீர் ஓட்டம், 4,000-க்கு மேலே இருந்தால் கலங்கல். நடுவில் இருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் குழாயை வடிவமைக்காமல் இருப்பதே நல்லது. தண்ணீர்க் குழாய்கள் கிட்டத்தட்ட எல்லாமே கலங்கலில்தான் ஓடுகின்றன.

ஐந்தாம் படி: உராய்வுக் காரணி

சீர் ஓட்டத்துக்கு எளிது: 64 ÷ ரெனால்ட்ஸ் எண்.

கலங்கல் ஓட்டத்தில் குழாய் வழவழப்பாக இருந்தால் (பிவிசி, எச்டிபிஇ, செம்பு) ஜெர்மானியர் பிளாசியஸ் 1913-இல் தந்த சூத்திரம் போதும். 0.316-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் நாலாம் மூலத்தால் வகுக்க வேண்டும். நாலாம் மூலம் என்றால் பயப்பட வேண்டாம், கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ஆயிற்று. 94,500 → 307 → 17.5. அப்புறம் 0.316 ÷ 17.5 = 0.018. ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சம்வரைக்கும் இது நன்றாகப் பொருந்தும். அதைக் கொஞ்சம் தாண்டினாலும் தோட்டத்துக் கணக்குக்குப் பாதகமில்லை.

ஜி.ஐ. குழாய், இரும்புக் குழாய் என்றால் சுவரின் சொரசொரப்பையும் சேர்க்க வேண்டும். புது ஜி.ஐ. குழாய்க்கு 0.15 மில்லிமீட்டர், சாதாரண எஃகுக்கு 0.045 என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. இதற்குத் துல்லியமானது 1939-இல் வந்த கோல்புரூக் சமன்பாடு. ஆனால் அதில் விடையைக் கண்டுபிடிக்க விடையே தெரிந்திருக்க வேண்டும், திரும்பத் திரும்பப் போட்டுத்தான் நெருங்க முடியும். 1944-இல் மூடி (Moody) என்பவர் வரைந்த வரைபடம் அந்த வேலையைக் கண்ணால் பார்த்து முடிக்க உதவியது. 1976-இல் ரூர்க்கியில் பணியாற்றிய ஸ்வாமி, ஜெயின் என்ற இருவர் ஒரே வரியில் நேராக விடை தரும் சூத்திரம் கொடுத்தார்கள். நான் இன்றும் கைபேசியில் போடுவது அதைத்தான்:

உராய்வுக் காரணி = 0.25 ÷ { மடக்கை [ சொரசொரப்பு ÷ (3.7 × விட்டம்) + 5.74 ÷ (ரெனால்ட்ஸ் எண்)^0.9 ] }²

மடக்கை 10-ஐ அடியாகக் கொண்டது. சொரசொரப்பும் விட்டமும் ஒரே அலகில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சில புத்தகங்களில், குறிப்பாக வேதிப் பொறியியல் புத்தகங்களில், உராய்வுக் காரணி என்ற பெயரிலேயே இதில் நாலில் ஒரு பங்கு எண்ணைத் தருவார்கள். அது ஃபானிங் காரணி. நாம் போடுவது டார்சி காரணி. புத்தகத்தில் சீர் ஓட்டத்துக்கு 64 என்று இருந்தால் டார்சி, 16 என்று இருந்தால் ஃபானிங். இதைக் கவனிக்காமல் இரண்டையும் கலந்து, நாலு மடங்கு தவறோடு பம்ப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: இழப்பு

இழப்பு (மீட்டர் ஹெட்) = உராய்வுக் காரணி × (நீளம் ÷ விட்டம்) × (வேகம்² ÷ 19.62)

இதுதான் டார்சி–வெய்ஸ்பாக் சமன்பாடு. ஜூலியஸ் வெய்ஸ்பாக் 1845-இல் சாக்சனியின் ஃப்ரைபெர்க்கில் இந்த வடிவத்தைத் தந்தார். ஹென்றி டார்சி பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர். பழைய குழாய், புதுக் குழாய், பல உலோகம் என்று ஓடவிட்டு அளந்து 1857-இல் வெளியிட்டார். ஒரு ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கை போட்ட கணக்கு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

90 மில்லிமீட்டருக்குப் போடுவோம். 400 ÷ 0.084 = 4,762. 0.90 × 0.90 ÷ 19.62 = 0.0413. மூன்றையும் பெருக்கினால் 0.018 × 4,762 × 0.0413 = 3.5 மீட்டர். தோராயமாக மூன்றரை மீட்டர் உயரத்துக்குச் சமமான உழைப்பு குழாய் உராய்விலேயே போகிறது.

அதே 5 லிட்டர், அதே 400 மீட்டர், மற்ற குழாய்களில்: 110-இல் 1.3 மீட்டர். 75-இல் எட்டரை மீட்டர். 63-இல் ஏறத்தாழ 19½ மீட்டர்.

அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கிணற்றில் தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 12 மீட்டர், தொட்டி தரைக்கு மேலே 6 மீட்டர், ஆக மொத்தத் தூக்கு 18 மீட்டர். தண்ணீரைத் தூக்குவதற்கு ஆகும் உழைப்பைவிட அதிகமாகக் குழாயைத் தேய்த்துக்கொண்டு போவதற்கே செலவாகிக்கொண்டிருந்தது.

கேஜில் சரிபார்த்தோம். கிணற்று மேட்டில் டெலிவரி குழாயில் கேஜ் மாட்டி, பாயும்போது பார்த்தால் 2.6 கிலோ. 1 கிலோ என்பது 10 மீட்டர். 26 மீட்டரில் 6 மீட்டர் தொட்டி உயரம். மீதி 20 மீட்டர் குழாய். தாளில் வந்த எண்ணும் முள் காட்டிய எண்ணும் இப்படி ஒட்டி வரும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடில்லை.

தண்ணீருக்கு மட்டும் ஹேசன்–வில்லியம்ஸ் என்ற இன்னொரு சூத்திரமும் உண்டு. குழாய் நிறுவனங்கள் தரும் அட்டவணைகளில் பல அதிலிருந்து வந்தவை, பிவிசிக்குக் குணகம் 150 என்று போட்டிருப்பார்கள். சாதாரண வெப்பநிலைத் தண்ணீருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எண்ணெய்க்கும் காற்றுக்கும் அதைத் தொடவே கூடாது, பிசுப்பு என்ற ஒன்றே அதில் கிடையாது.

ஏழாம் படி: எல்போ, வால்வு, ஃபுட் வால்வு

ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் ஓர் எண் உண்டு. அதை (வேகம்² ÷ 19.62) ஆல் பெருக்கினால் அதன் இழப்பு வரும். சாதாரண எல்போவுக்கு 0.9, முழுக்கத் திறந்த கேட் வால்வுக்கு 0.2, நான்-ரிட்டர்ன் வால்வுக்கு 2.5, குளோப் வால்வுக்கு 10, குழாய் தொட்டியில் கொட்டும் முனைக்கு 1. 90 மில்லிமீட்டர் குழாயில் ஐந்து எல்போ, ஒரு நான்-ரிட்டர்ன், ஒரு கேட் வால்வு, கடைசி முனை எல்லாம் சேர்த்து 8.2. அதை 0.0413-ஆல் பெருக்கினால் 0.34 மீட்டர். நீளமான குழாயில் இது சில்லறை.

குறுகிய குழாயில் அப்படி இல்லை. தரையில் இருந்து உறிஞ்சும் மோனோபிளாக் மோட்டாரின் சக்ஷன் (உறிஞ்சும்) பக்கம் மொத்தமே 7, 8 மீட்டர்தான் இருக்கும். அங்கே ஃபுட் வால்வும் (குழாயின் அடி நுனியில் இருப்பது) எல்போவும்தான் ராஜா. சக்ஷன் பக்கத்தில் நமக்குக் கையில் இருப்பது காற்று மண்டலம் தரும் 10 மீட்டர் மட்டுமே, கோவை உயரத்தில் அதிலும் கொஞ்சம் குறைவு. நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. அந்தக் கணக்கில் ஃபுட் வால்வின் ஜல்லடையில் பாசி பிடித்து ஒரு மீட்டர் போனால் பம்ப் இரைய ஆரம்பிக்கும். சக்ஷன் குழாயை டெலிவரியைவிட ஒரு சைஸ் பெரிதாகப் போடச் சொல்வது இதனால்தான். குளோப் வால்வைத் தண்ணீர்ப் பாதையில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. குழாய் மேடு பள்ளமாகப் போனால் மேட்டில் காற்று தங்கி ஓட்டத்தை நெரிக்கும். அங்கே ஒரு ஏர் வால்வு போட வேண்டும். கணக்குச் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

சொட்டுநீர் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கக் குழாயில் வழி நெடுகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே போகிறது, அதனால் கடைசிவரை முழு ஓட்டம் இருக்காது. முழு ஓட்டத்துக்கு இழப்பைக் கணக்கிட்டு, வெளியேறும் துளைகள் நிறைய இருந்தால் அதில் சுமார் 0.36 பங்கு எடுத்துக்கொள்ளலாம். இது 1942-இல் கிறிஸ்டியன்சன் தந்த குணகம்.

எட்டாம் படி: பம்போடு பொருத்துவது

இங்கே ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது: குழாயை மாற்றினால் ஓட்டம் அப்படியே இருக்கும், அழுத்தம் மட்டும் மிச்சமாகும் என்று. அப்படி நடக்காது. பம்ப் தன் ஹெட் குறையக் குறைய அதிகத் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் கூடினால் குழாய் இழப்பும் கூடும். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே போய் நிற்கும். பம்பின் ஹெட்–ஓட்ட வரைகோட்டின் மேல் உங்கள் குழாயின் கோட்டை வரைந்தால் இரண்டும் வெட்டும் புள்ளி அதுதான்.

குழாயின் கோட்டை வரைய நாலைந்து புள்ளி போதும். தூக்கு உயரம் 18 மாறாது. இழப்பு ஓட்டத்தின் இரண்டாம் அடுக்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வழவழப்பான குழாயில் ஓட்டம் இரட்டிப்பானால் இழப்பு சுமார் 3.4 மடங்கு.

சித்தப்பா கடைசியில் 7.5 எச்.பி. மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 5 எச்.பி.யையே வைத்துக்கொண்டு 90 மில்லிமீட்டர் குழாய் போட்டார். டிரம் 28 வினாடியில் நிரம்பியது. வினாடிக்கு 7.1 லிட்டர், பழையதைவிட 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம். கிணற்று மேட்டு கேஜ் 2.6-லிருந்து 1.3 கிலோவுக்கு இறங்கியது. கேஜ் இறங்கியதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் 'பிரஷர் போயிருச்சே' என்று கவலைப்பட்டார். அவரைத் தொட்டி ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியிருந்தது.

ஹெட் குறைந்து ஓட்டம் கூடும்போது சில பம்புகள் அதிக ஆம்பியர் இழுக்கும். குழாய் மாற்றியதும் பேனலில் ஆம்பியரைப் பாருங்கள். மோட்டார் தகட்டில் எழுதியதைத் தாண்டினால் வால்வைக் கொஞ்சம் மூடியோ பம்பை மாற்றியோ சரிசெய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் குழாய் தின்னும் மின்சாரம் யார் கண்ணிலும் படுவதில்லை. 5 லிட்டர் ஓட்டத்தில் 63-க்கும் 90-க்கும் 16 மீட்டர் வித்தியாசம். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 50 சதவீதத் திறன் என்றால் அது 1.6 கிலோவாட். பில் வராவிட்டாலும் மோட்டார் ஓடும் நேரத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த நேரத்துக்குள் எத்தனை மரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்பதில் அந்த இழப்பு தெரியும்.

எண்ணெய் ஓடும்போது

காங்கேயம் பக்கம் எண்ணெய் ஆலைகளில் தேங்காய் எண்ணெயைக் குழாய் வழியாகத் தள்ளுவார்கள். 30 டிகிரியில் அதன் இயக்கப் பிசுப்பு தண்ணீரைப்போல சுமார் ஐம்பது மடங்கு. 1 இன்ச் ஜி.ஐ. குழாயில் (உள்ளே 27 மில்லிமீட்டர்) வினாடிக்கு அரை லிட்டர் என்றால் வேகம் 0.87 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் சுமார் 590. முழுக்கச் சீர் ஓட்டம். காரணி 64 ÷ 590 = 0.11. இருபது மீட்டருக்கு இழப்பு கிட்டத்தட்ட 0.3 பார் (1 பார் என்பது ஏறத்தாழ 1 கிலோ). அதே ஓட்டத்தில் தண்ணீர் போனால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்.

சீர் ஓட்டத்தில் சுவரின் சொரசொரப்பு கணக்கிலேயே வராது, வெப்பநிலைதான் எல்லாம். மார்கழிக் காலையில் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையவே ஆரம்பிக்கும். அதனால் எண்ணெய்க் குழாய்க்கு மதிய வெயிலில் கணக்குப் போடாதீர்கள். வருடத்தின் குளிரான நாளை வைத்துப் போடுங்கள்.

காற்றும் வாயுவும்

வாயுவில் ஒரே ஒரு புதுச் சிக்கல்: அழுத்தம் மாறினால் அடர்த்தியும் மாறும். குழாயில் போகப் போக அழுத்தம் குறையும், வாயு விரியும், வேகம் கூடும். ஆனால் மொத்த இழப்பு ஆரம்ப அழுத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரம்ப அடர்த்தியை வைத்துத் தண்ணீர்போலவே கணக்குப் போடலாம். 10-லிருந்து 40 சதவீதம்வரை என்றால் இரு முனைகளின் சராசரி அடர்த்தி. அதற்கும் மேலே என்றால், குழாய் வெளி வெப்பநிலையிலேயே இருப்பதாக வைத்து:

தொடக்க அழுத்தம்² − முடிவு அழுத்தம்² = உராய்வுக் காரணி × (நீளம் ÷ விட்டம்) × தொடக்க அடர்த்தி × தொடக்க வேகம்² × தொடக்க அழுத்தம்

இதில் அழுத்தம் எல்லாமே தனி அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தது), பாஸ்கலில். கேஜ் 7 பார் காட்டினால் தனி அழுத்தம் 8 பார். கேஜ் எண்ணையே போட்டுவிடுவதுதான் வாயுக் கணக்கில் நான் அதிகம் பார்த்த தவறு. அடுத்த தவறு, கம்ப்ரசரின் கொள்ளளவை அப்படியே குழாய்க்குள் ஓடும் அளவாக எடுப்பது. நிமிடத்துக்கு 3 கன மீட்டர் என்று எழுதியிருப்பது வெளிக்காற்றின் அளவு. 7 பாரில் அது அழுந்தி 0.38 கன மீட்டராகிவிடும்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். கம்ப்ரசரிலிருந்து கடைசி மேசைவரை 60 மீட்டர், 1 இன்ச் ஜி.ஐ. குழாய். 7 பாரில் நிமிடத்துக்கு 3 கன மீட்டர். கடைசி மேசையில் கிரைண்டர் கையில் அழுத்தினாலே நின்றுபோகிறது என்பது புகார்.

7 பாரில், 30 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 9.2 கிலோ. வேகம் வினாடிக்கு 10.8 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் 1,46,000. ஜி.ஐ. சொரசொரப்போடு காரணி 0.032. வாயுவுக்கு மீட்டரில் சொல்வதில் பொருளில்லை என்பதால் நேராக அழுத்தத்திலேயே எடுக்கலாம்: காரணி × (நீளம் ÷ விட்டம்) × அடர்த்தி × வேகம்² ÷ 2. விடை 38,000 பாஸ்கல், 0.38 பார். அதையே ஒன்றரை இன்ச் குழாயில் போட்டால் வேகம் 4.6 மீட்டர், இழப்பு 0.04 பார். ஒரு சைஸ் தாண்டிப் போனதற்கு ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது. பிரதான லைனில் 0.1 பாருக்குள், வேகம் 6 மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

ஆனால் அந்த 0.38 பார் மட்டும் கிரைண்டரை நிறுத்தாது என்று எனக்குப் பட்டது. கடைசி மேசையைப் பார்த்தேன். சுவரிலிருந்து கிரைண்டர்வரை 8 மில்லிமீட்டர் உள் விட்டத்தில் 10 மீட்டர் ஹோஸ் சுருண்டு கிடந்தது. கிரைண்டர் நிமிடத்துக்கு அரை கன மீட்டர் காற்று இழுக்கும். ஹோஸுக்குள் வேகம் வினாடிக்கு 21 மீட்டர், இழப்பு 0.47 பார். மொத்தக் காற்றையும் சுமக்கும் 60 மீட்டர் இரும்புக் குழாயைவிட ஒரே ஒரு கிரைண்டருக்குப் போகும் 10 மீட்டர் ஹோஸ் அதிகம் தின்கிறது! அதற்கு முன்னால் வடிகட்டி, நடுவில் இரண்டு குவிக் கப்ளர். எண்ணெயும் துருவும் படிந்த அந்த வடிகட்டியைக் கழற்றியபோது உள்ளே காபிக் கசண்டு மாதிரி இருந்தது.

அவர்கள் அதுவரை செய்துகொண்டிருந்த வைத்தியம் கம்ப்ரசரை 8 பாருக்கு ஏற்றுவது. 7 பார் அளவில் ஒவ்வொரு 1 பாருக்கும் மின்செலவு சுமார் 7 சதவீதம் கூடும், கசிவும் கூடும். ஹோஸை 10 மில்லிமீட்டராக மாற்றினால் 0.47 என்பது 0.16 ஆகும். வடிகட்டி மாற்ற அரை மணி நேரம். முதலில் அதைச் செய்தார்கள். அப்புறம் பட்டறையைச் சுற்றிக் குழாயை வளையமாக இணைத்தார்கள். கடைசி மேசைக்கு இரண்டு பக்கமிருந்தும் காற்று வரும்போது ஒவ்வொரு பக்கமும் பாதி ஓட்டம்தான், அதனால் இழப்பு அந்தப் பாதையில் கால் பங்கு. இப்போது கம்ப்ரசர் 7-லேயே ஓடுகிறது.

வீட்டுச் சமையல் வாயுவில் நிலைமை வேறு மாதிரி. எல்.பி.ஜி. ரெகுலேட்டருக்குப் பிறகு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் மட்டுமே, 300 மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். அதில் 30 மில்லிமீட்டர் போனாலே 10 சதவீதம் போயிற்று. கல்யாண மண்டபச் சமையற்கூடத்தில் எல்லா அடுப்பையும் ஒன்றாகப் பற்றவைத்தால் கடைசி அடுப்பு மங்குவது பெரும்பாலும் இதனால்தான். கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்கலாம், வாயுக் குழாயில் கைவைப்பதை மட்டும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

வருடங்கள் போனால்

போட்ட அன்றைக்குச் சரியாக இருந்த குழாய் அப்படியே இருக்காது. கொங்குப் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஜி.ஐ. குழாய்க்குள் வெள்ளைப் படிவும் துருவும் சேர்ந்து 27 மில்லிமீட்டர் 22 ஆகும். (27 ÷ 22) ஐந்தாம் அடுக்கு என்றால் இழப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு, சொரசொரப்பு கூடியதைச் சேர்க்காமலே.

இதை முன்கூட்டியே பிடிக்க ஒரே வழி, முதல் நாள் அளவை எழுதிவைப்பது. சித்தப்பா மோட்டார் ரூம் சுவரில் கரும்பலகை வண்ணம் அடித்து, சாக்பீஸால் நாலு பத்தி போட்டிருக்கிறார்: தேதி, டிரம் வினாடி, கிணற்று மேட்டு கேஜ், ஆம்பியர். முதல் வரியில் 28, 1.3. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிரம்மை உருட்டிக்கொண்டு போய் அளந்து அடுத்த வரியை எழுதுகிறார். வினாடி கூடி கேஜும் ஏறினால் குழாயில் அடைப்பு. வினாடி கூடி கேஜ் இறங்கினால் பம்ப் தேய்மானம், அல்லது கிணற்றில் மட்டம் இறங்கியிருக்கும். போன முறை 31, 1.5 என்று வந்தது. குழாயோடு நடந்து பார்த்ததில் நடுவில் இருந்த கேட் வால்வை யாரோ பாதி மூடி வைத்திருந்தார்கள்.